பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி, எங்கள் பள்ளிக்கு ஆய்வகம் இல்லை: பட்ஜெட் ஒதுக்கீட்டை யார், எப்போது முடிவு செய்கிறார்கள்?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

வணக்கம். டெல்டா பக்கம் ஒரு கிராமத்தில் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். 2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வாசித்த பட்ஜெட் உரையில் பள்ளிக் கல்வித் துறைக்கு 46,767 கோடி ரூபாய் என்று வந்ததும் எங்கள் குழுவில் எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. அறிவியல் ஆய்வகக் கட்டடம் கேட்டு ஏற்கெனவே தீர்மானம் போட்டு அனுப்பியிருந்தோம். இப்போது போய்க் கேட்டால் "இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் இல்லை" என்கிறார்கள்.

இவ்வளவு பெரிய தொகையில் ஓர் ஆய்வகத்துக்கு இடமில்லையா? துறைக்கு இவ்வளவு என்று மேலே முடிவு செய்துவிட்டுப் பிரித்துக் கொடுக்கிறார்களா, இல்லை கீழே இருந்து கேட்டு வாங்கிக் கூட்டுகிறார்களா? எங்களைப் போன்றவர்கள் எந்த இடத்தில் போய் நின்றால் பலன் இருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது:

அம்மா, இரண்டும் நடக்கிறது. கீழிருந்து கேட்பு மேலே போகும், மேலிருந்து வரம்பு கீழே வரும், இரண்டும் நிதித்துறையில் சந்திக்கும். நான் வேலை பார்த்த துறை வேறு, ஆனால் நடைமுறை எல்லாத் துறைக்கும் ஒன்றுதான்.

பட்ஜெட் மார்ச்சில் தொடங்குவதில்லை. முந்தைய ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலேயே நிதித்துறையின் சுற்றறிக்கை வந்துவிடும். முதலில் கேட்பது நம்பர் ஸ்டேட்மென்ட். அலுவலகத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியவை எத்தனை, காலி எத்தனை, ஒவ்வொருவருக்கும் என்ன ஊதிய நிலை என்ற பட்டியல். இதைத் தயாரிப்பவர் பணம் பெற்று வழங்கும் அலுவலர். அரசு உயர்நிலைப் பள்ளி என்றால் அது உங்கள் தலைமையாசிரியரேதான். அங்கிருந்து மாவட்ட அலுவலகம், பிறகு துறைத் தலைவரான இயக்குநர், அப்புறம் தலைமைச் செயலகத்தில் அந்தந்தத் துறையின் செயலாளர், கடைசியாக நிதித்துறை.

நிதித்துறையில் ஒவ்வொரு துறையையும் உட்கார வைத்துக் கணக்குத் தலைப்பு வாரியாக, அதாவது ஒவ்வொரு செலவு வகைக்கும் உள்ள எண் வாரியாகப் பேசுவார்கள். ஏற்கெனவே நடக்கிற பணிகளுக்கான செலவு ஒரு பக்கம். இதில் பெரிய விவாதம் இருக்காது. சம்பளத்துக்கு ஆண்டு ஊதிய உயர்வும் அகவிலைப்படியும் சேர்ப்பார்கள், பயணப்படி, அலுவலகச் செலவு போன்றவற்றில் கொஞ்சம் வெட்டுவார்கள். புதிதாகத் தொடங்கும் பணிகள் இன்னொரு பக்கம். இதைப் பகுதி இரண்டு திட்டங்கள் என்போம். உண்மையான இழுபறி இங்கேதான். துறை பத்துக் கேட்டால் இரண்டு மூன்று தேறும். உங்கள் ஆய்வகம் இந்தப் பக்கத்தில் வர வேண்டியது.

46,767 கோடியில் பெரும்பகுதி ஆசிரியர், பணியாளர் சம்பளம். அது கணக்குத் தலைப்பு 2202-ல் போகிறது. கட்டடம் மூலதனச் செலவு, அது 4202. ஒவ்வொரு துறைக்கும் சட்டமன்றத்தில் பணம் கேட்பதுதான் மானியக் கோரிக்கை. பள்ளிக் கல்விக்கான எண் 43 புத்தகத்தைத் திறந்து அந்த இரண்டு தலைப்புக்கும் உள்ள தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அதிலேயே தெரிந்துவிடும்.

எழிலி எழுதியது:

பொருளாதாரம் கற்பிக்கிறேன். ஐயா சொன்னது கீழிருந்து மேலே போகும் பாதை. மேலிருந்து வரும் வரம்பு எப்படி உருவாகிறது என்பதை 2025-26 எண்களை வைத்தே சொல்கிறேன்.

முதலில் வருவாயை மதிப்பிடுவார்கள். 2025-26-ல் மொத்த வருவாய் வரவு 3,31,569 கோடி. இதில் மாநிலத்தின் சொந்த வரி 2,20,895 கோடி, வரியல்லாத வருவாய் 28,819 கோடி, மத்திய வரிகளில் பங்கு 58,022 கோடி, மத்திய மானியங்கள் 23,834 கோடி. அதாவது நான்கில் மூன்று பங்கு நாமே திரட்டுவது.

இப்போது கட்டாயச் செலவைக் கழியுங்கள். சம்பளம் 90,464 கோடி, ஓய்வூதியம் உள்ளிட்ட ஓய்வுக்காலப் பலன்கள் 41,290 கோடி, வட்டி 70,754 கோடி. மூன்றும் சேர்ந்து 2,02,508 கோடி. வருவாயில் 61 சதவீதம் இதிலேயே போய்விடுகிறது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், எந்த அமைச்சர் உட்கார்ந்தாலும் இந்த 61 சதவீதத்தில் முதல் ஆண்டில் கை வைக்க முடியாது. வட்டி அரசமைப்புச் சட்டத்தின் 202-ஆம் பிரிவின்படி சட்டமன்றத்தின் வாக்குக்கே வராத செலவு. உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளமும் அப்படித்தான். விவாதிக்கலாம், வாக்கெடுப்பு கிடையாது.

அடுத்து மானியங்களும் உதவித்தொகைகளும் 1,53,724 கோடி. இதைச் சேர்த்ததுமே வருவாயைத் தாண்டிவிட்டோம். அதனால்தான் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. மூலதனச் செலவுக்கு வைத்திருக்கும் 57,231 கோடி முழுக்கக் கடனில் நடப்பது.

கடனுக்கும் வரம்பு இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நிதிநிலை நிர்வாகப் பொறுப்புடைமைச் சட்டம் நிதிப் பற்றாக்குறையை, அதாவது ஆண்டுச் செலவில் கடன் வாங்கி அடைக்க வேண்டிய தொகையை, மாநில மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்தில் நிறுத்தச் சொல்கிறது. 2025-26-ல் நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி, சரியாக 3 சதவீதம். மத்திய அரசுக்குக் கடன் பாக்கி உள்ள மாநிலம் புதிதாகக் கடன் வாங்க 293-ஆம் பிரிவின்படி மத்திய அரசின் இசைவும் வேண்டும். ஆக மாநில நிதித்துறையின் கையில் உண்மையில் புரள்வது மிகக் குறுகிய இடம்.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். வாங்கும் கடனில் நூற்றுக்கு 39 ரூபாய் அன்றாடச் செலவுப் பற்றாக்குறையை அடைக்கப் போகிறது. ஆய்வகம், பாலம், மருத்துவமனைக் கட்டடம் எல்லாம் மீதியில் போட்டி போட வேண்டியிருக்கிறது.

கொங்குப்பட்டறை எழுதியது:

அப்படியானால் பிரச்சினை வெளிப்படையாகத் தெரிகிறதே. மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி, விடியல் பயணத்துக்கு 3,600 கோடி. இதில் பாதியை ஒதுக்கினாலும் எத்தனை பள்ளிக்கு ஆய்வகம் கட்டலாம்? நான் சிறு தொழில் நடத்துகிறேன். ஜிஎஸ்டி ஒரு நாள் தாமதமானாலும் அபராதம் கட்டுகிறேன். அந்தப் பணம் கட்டடமாக, சாலையாகத் திரும்ப வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது தப்பா? அப்புறம் இந்த அரசே டாஸ்மாக்கை நம்பித்தான் ஓடுகிறது. அதையும் பேச வேண்டும்.

மணிமுத்தாறு எழுதியது:

எதிர்பார்ப்பு தப்பில்லை அண்ணா. ஆனால் 13,807 கோடியை வீண் செலவு என்று ஒதுக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியாது. எங்கள் ஊரில் வயல் வேலைக்குப் போகும் பெண்களிடம் அந்த ஆயிரம் ரூபாய் என்ன ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் நோட்டுப் புத்தகம், மருந்து, கேஸ் சிலிண்டர். அது உள்ளூர்க் கடையில்தான் செலவாகிறது. கட்டணமில்லாப் பேருந்து வந்த பிறகு டவுனுக்கு வேலைக்குப் போகத் துணிந்தவர்களை எனக்குத் தெரியும். மூலதனச் செலவு மட்டும்தான் வளர்ச்சி என்றால் சத்துணவையும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசினார்கள்.

டாஸ்மாக் பற்றி எண்ணோடு பேசுவோம். 2024-25-ல் மதுவிற்பனையில் ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்து 48,344 கோடி வந்தது. அந்த ஆண்டு பட்ஜெட்டில் மதிப்பிட்ட சொந்த வரி வருவாய் 1,95,173 கோடி. ஏறக்குறைய நான்கில் ஒன்று. பெரிய தொகை, வெட்கப்பட வேண்டிய தொகை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் மீதி முக்கால் பங்கு ஜிஎஸ்டி, பெட்ரோல் டீசல் வரி, பத்திரப்பதிவு, வாகன வரி என்று மற்ற வழிகளில் வருகிறது. "டாஸ்மாக்கை மூடினால் அரசே நின்றுவிடும்" என்று சொல்வது மூடாமல் இருப்பதற்குத்தான் உதவுகிறது.

எழிலி எழுதியது:

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இதை உதவித்தொகையா கட்டடமா என்று மட்டும் பார்த்தால் வருவாய்ப் பக்கம் நடப்பது விட்டுப்போகிறது. மத்திய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. ஒன்பதாவது நிதிக்குழு காலத்தில் பகிர்ந்தளிக்கப்படும் மத்திய வரியில் தமிழ்நாட்டின் பங்கு 7.931 சதவீதம். பதினைந்தாவது நிதிக்குழுவில் 4.079. அந்தக் குழு 45 சதவீத எடையைத் தனிநபர் வருமான இடைவெளிக்குக் கொடுத்தது. மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பை எடுத்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்காக 12.5 சதவீத எடை சேர்த்தார்கள், ஆனாலும் இழந்ததை அது ஈடுகட்டவில்லை. ஏழை மாநிலங்களுக்குக் கூடுதல் பங்கு போவது நியாயம் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. இவ்வளவு வேகமாகப் பங்கு குறைந்ததில்தான் மாறுபாடு.

கல்வியிலேயே நேரடி உதாரணம் உண்டு. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காக, மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து செலவு செய்யும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் ஆசிரியர் சம்பளம் உள்ளிட்ட செலவுகளை மாநிலம் தன் நிதியிலிருந்து கொடுத்தது. அந்த அளவுக்கு மாநிலத்தின் கையிருப்பில் வேறு எதற்கோ இடம் குறைந்தது.

மெட்ரோவும் அப்படித்தான். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம், 63,246 கோடித் திட்டம். 2024 அக்டோபர் 3 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தரும்வரை பெரும் சுமை மாநிலத்தின் தோளில் இருந்தது.

கொங்குப்பட்டறை எழுதியது:

மத்திய அரசு தர வேண்டியதைத் தர வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. மகளிர் தொகை பற்றித் தம்பி சொன்னதையும் யோசிக்கிறேன். ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. ஒவ்வொரு புதுத் திட்டமும் ஆண்டுதோறும் திரும்ப வரும் செலவு. தொடங்கிய பிறகு எந்த அரசும் நிறுத்தத் துணியாது. அப்படியானால் தொடங்குவதற்கு முன் ஐந்தாண்டுக் கணக்கைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டாமா?

எழிலி எழுதியது:

வைக்க வேண்டும். பட்ஜெட்டோடு இடைக்கால நிதித் திட்டம் என்று ஓர் ஆவணம் வைக்கிறார்கள், அடுத்த ஆண்டுகளுக்கான மொத்த மதிப்பீடு அதில் இருக்கும். ஆனால் திட்டவாரியாக இருக்காது. இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன்.

செம்மண் எழுதியது:

யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். கணக்குத் தலைப்பில் 789 என்ற சிறுதலைப்பு இருந்தால் அது ஆதிதிராவிடர் துணைத் திட்டத்துக்கான ஒதுக்கீடு. 796 என்றால் பழங்குடியினருக்கானது. ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையிலும் இந்த இரண்டு எண்ணையும் தேடுங்கள். மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப இந்தத் தொகை இருக்க வேண்டும் என்பது பல பத்தாண்டுக் கோரிக்கை. 2024-ல் இதற்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது.

ஆனால் 789-ன் கீழ் எழுதியிருக்கும் பணம் அந்த மக்களுக்கென்றே தனியாகப் போகிறதா, அல்லது எல்லோருக்குமான ஒரு திட்டத்தின் செலவில் ஒரு பங்கைக் கணக்குக்காக இங்கே எழுதியிருக்கிறார்களா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பொதுத் திட்டத்தின் பயன் எங்கள் தெருவுக்கும் வருகிறது, உண்மை. ஆனால் குடியிருப்புக்குச் சாலை, விடுதிக்குக் கழிப்பறை, சுடுகாட்டுக்குப் பாதை என்று குறிப்பாகச் செய்ய வேண்டியவை அப்படியே நிற்கின்றன. ஒதுக்கீட்டு எண்ணைப் பார்த்து யாரும் திருப்திப்பட்டுவிடக் கூடாது. இதை நான் எத்தனை கூட்டத்தில் வேண்டுமானாலும் திரும்பச் சொல்வேன்.

இதே போல்தான் வேளாண் பட்ஜெட்டும். 2021 முதல் தனியாக வாசிக்கிறார்கள், நல்லது, விவசாயத்துக்குத் தனிக் கவனம் கிடைக்கிறது. 2025-26-ல் அதன் அளவு 45,661 கோடி என்றார்கள். அது பொது பட்ஜெட்டுக்கு மேலே வந்த கூடுதல் பணம் இல்லை. பம்ப்செட் இலவச மின்சாரம் உட்படப் பல துறைகளில் சிதறிக் கிடப்பதை ஒரே இடத்தில் திரட்டிச் சொல்வது.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நிறையப் புரிந்தது. ஒரு சந்தேகம். ஒதுக்கீட்டில் வந்துவிட்டாலே பணம் வந்துவிடும் என்று அர்த்தமா? பக்கத்து ஊர்ப் பள்ளிக்குக் கட்டடம் அறிவித்து அடுத்த பட்ஜெட்டே வந்துவிட்டது, இன்னும் அஸ்திவாரம்கூடப் போடவில்லை.

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது:

இல்லை அம்மா. ஒதுக்கீடு என்பது செலவு செய்ய அனுமதி, அவ்வளவுதான். உரை வாசித்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன்.

பொது விவாதம் முடிந்ததும் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும். அமைச்சர்கள் கொள்கை விளக்கக் குறிப்பை வைப்பார்கள், புதிய அறிவிப்புகள் செய்வார்கள். கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லி உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள். அவை நிறைவேறுவதில்லை, ஆனால் உங்கள் ஊர்ப் பிரச்சினையை அவையில் பதிவு செய்ய அது ஒரு வழி. கடைசியில் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு நிறைவேறும். அதன் பிறகே மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து பணத்தை எடுக்க முடியும்.

இவ்வளவு ஆன பிறகும் அறிவிப்புத் தானாக நடக்காது. துறை கோப்பு தொடங்க வேண்டும். அரசாணை வர வேண்டும். செலவு சம்பந்தப்பட்ட ஆணையின் அடியில் நிதித்துறையின் அ.சா. (அலுவல் சாரா) எண்ணும் இசைவு பெற்ற தேதியும் இருக்கும், பார்த்திருப்பீர்கள். பட்ஜெட்டில் ஒரு முறை ஒப்புக்கொண்ட அதே செலவுக்கு நிதித்துறை இரண்டாவது முறை கேள்வி கேட்பது இங்கேதான். மாதக்கணக்கில் கோப்பு போய்வரும். அப்புறம் பொதுப்பணித் துறையின் மதிப்பீடு, தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி. இதற்குள் நிதியாண்டில் பாதி ஓடிவிடும். பக்கத்து ஊர்ப் பள்ளி இந்தப் பாதையில் எங்கோதான் நின்றிருக்க வேண்டும்.

சில நேரம் புத்தகத்தில் ஒரு திட்டத்துக்கு நேரே வெறும் 1 என்று இருக்கும். தொகைகள் ஆயிரத்தில் அச்சாகின்றன, ஆக அது ஆயிரம் ரூபாய். டோக்கன் ஒதுக்கீடு என்போம். தலைப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள், பணம் பின்னால் துணை மதிப்பீட்டில் (ஆண்டின் நடுவில் சட்டமன்றத்தில் கூடுதலாகக் கேட்பது) அல்லது மறு ஒதுக்கீட்டில் (வேறு தலைப்பிலிருந்து மாற்றுவது) வரலாம், வராமலும் போகலாம்.

டிசம்பர், ஜனவரியில் திருத்த மதிப்பீடு போடும்போது செலவாகாத தலைப்புகளில் தொகையை எடுத்து, பற்றாத தலைப்புகளுக்கு மாற்றுவார்கள். சம்பளம் குறையாது, ஓய்வூதியம் குறையாது. அதனால் கத்தி விழுவது பெரும்பாலும் கட்டுமானத்தில். மார்ச் கடைசி வாரத்தில் கருவூலத்தில் பில்கள் குவியும், எஞ்சியது சரண்டர் ஆகும், அதாவது நிதித்துறைக்கே திரும்பிவிடும். இந்திய கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகளில் இது திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டப்படுவதுதான்: துணை மானியம் வாங்கிய தலைப்பிலேயே ஆண்டு முடிவில் பணம் மிஞ்சுகிறது.

மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் நான்கு பத்தி இருக்கும். 2025-26 புத்தகத்தில் 2023-24 கணக்கு, 2024-25 பட்ஜெட் மதிப்பீடு, 2024-25 திருத்த மதிப்பீடு, 2025-26 பட்ஜெட் மதிப்பீடு. எல்லோரும் கடைசிப் பத்தியைத்தான் பார்க்கிறார்கள். முதல் பத்திதான் உண்மையில் செலவானது. அதற்கான பட்ஜெட் மதிப்பீட்டை 2023-24 புத்தகத்தில் எடுத்து ஒப்பிடுங்கள். அரசு எதை மனதார முன்னுரிமையாக வைத்தது என்பதை அந்த வித்தியாசத்தில் பார்க்கலாம். எந்த ஆட்சிக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும்.

மணிமுத்தாறு எழுதியது:

நிதித்துறை இணையதளத்தில் பழைய ஆண்டுகளின் புத்தகங்களும் இருக்கின்றன. தமிழிலும் கிடைக்கும். ஊர் நூலகத்தில் நாலு பேர் உட்கார்ந்து ஒரே ஒரு மானியக் கோரிக்கையைப் படித்தாலே போதும், கிராமசபையில் பேசும் பேச்சே மாறிவிடும்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

சரி ஐயா. இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்? நேராகச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது:

தீர்மானத்தை மார்ச்சில் போடாதீர்கள். ஜூன், ஜூலையிலேயே போடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது மேலாண்மைக் குழுவின் கடமை. அதில் ஆய்வகத்தை முதல் இடத்தில் எழுதி, மாணவர் எண்ணிக்கை, இருக்கும் அறைகள், இடத்தின் பட்டா அல்லது புறம்போக்கு விவரம் எல்லாம் இணைத்து முதன்மைக் கல்வி அலுவலரிடம் ஒப்புகை வாங்கிக் கொடுங்கள். நில விவரம் இல்லாத கோரிக்கைதான் முதலில் கழியும். பொதுப்பணித் துறைப் பொறியாளரிடம் உத்தேச மதிப்பீடும் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. இயக்குநர் அலுவலகத்துக்கு மாவட்டப் பட்டியல் போகும்போது முழுமையாக இருக்கிற கோரிக்கை மேலே ஏறும்.

நிதி எந்தப் பையிலிருந்து வரலாம் என்றும் கேளுங்கள். உயர்நிலைப் பள்ளிக் கட்டடங்கள் நபார்டு கடனில் நிறையக் கட்டப்படுகின்றன. ஐந்தாண்டுக்கு 7,000 கோடி என்று 2022-ல் அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. இரண்டும் நடக்கவில்லை என்றால் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு 3 கோடி. ஓர் ஆய்வக அறைக்கு அது எட்டாத தொகை இல்லை.

செம்மண் எழுதியது:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடச் சொல்லுங்கள். "ஏன் கட்டவில்லை" என்று கேட்டால் பதில் வராது. அரசாணை எண், நிர்வாக ஒப்புதல் தேதி, எந்தக் கணக்குத் தலைப்பு, இதுவரை விடுவித்த தொகை, கோப்பு இப்போது யாரிடம் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

குறித்துக்கொண்டேன். அடுத்த குழுக் கூட்டத்துக்குத் தலைமையாசிரியரையும் ஊராட்சித் தலைவரையும் கூப்பிட்டிருக்கிறோம். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் இடம் வருவாய்த் துறைப் பெயரில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அதைப் பள்ளிக் கல்வித் துறைக்கு மாற்றாமல் கோரிக்கை அனுப்பலாமா ஐயா?

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது:

அனுப்பலாம், ஆனால் நிலமாற்றத்துக்கு வட்டாட்சியரிடம் இன்றே மனுக் கொடுத்து அதன் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். ஊராட்சித் தீர்மானம் இருந்தால் சீக்கிரம் நகரும்.